தேதியோடு சேர்த்துப் பாருங்கள்: விக்டோரியா கால நாடகக் கார்ட்டூன்கள்

(நாடக, ஓவிய ஆர்வலர்கள் கூடிய அவையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லண்டனில் 1868 நவம்பரில் தொடங்கி 1914 வரை ‘வேனிட்டி ஃபேர்’ என்றொரு வார இதழ் வந்துகொண்டிருந்தது. இன்று அமெரிக்காவிலிருந்து அதே பெயரில் வரும் இதழ் வேறு, இது வேறு. இந்த லண்டன் இதழோடு வாரந்தோறும் ஒரு தனித்தாள் வரும். அதில் அரசியல்வாதி, நீதிபதி, விஞ்ஞானி, குதிரைப் பந்தயக்காரர், கிரிக்கெட் வீரர் என யாராவது ஒருவரின் முழு உருவ வண்ணக் கார்ட்டூன் அச்சாகியிருக்கும். சில வாரங்களில் அந்த ஒருவர் நடிகராகவோ, நாடக ஆசிரியராகவோ, அரங்க உரிமையாளராகவோ இருப்பார். அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தத் தாள்கள் இன்று உலகெங்கும் விற்கப்படுகின்றன, வாங்கப்படுகின்றன, சட்டம் போட்டு மாட்டப்படுகின்றன. வாங்குகிறவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அழகான பொருளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது நல்ல ஆசை. ஆனால் படத்தின் அழகை மட்டும் வாங்குகிறவருக்குப் பாதிதான் கிடைக்கிறது. மறுபாதி ஓரத்தில் சிறு எழுத்தில் இருக்கும் தேதியிலும், படத்துக்குக் கீழே இருக்கும் தலைப்பிலும், படத்தோடு சேர்ந்து வந்த கட்டுரையிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கார்ட்டூன் நாடக வரலாற்றின் சாட்சியாகிவிடுகிறது. இதை உங்கள் முன் நிறுவிக் காட்டுவதே என் நோக்கம்.

இதழும் அதன் ஓவியர்களும்

வேனிட்டி ஃபேரைத் தொடங்கியவர் தாமஸ் கிப்சன் பவுல்ஸ். முதல் சில வாரங்கள் அது படமில்லாமல்தான் வந்தது. 1869 ஜனவரி 30 இதழில் டிஸ்ரேலியின் வண்ணக் கார்ட்டூன் வெளியானது. அடுத்த வாரம், பிப்ரவரி 6 அன்று, கிளாட்ஸ்டன். பிரிட்டிஷ் அரசியலின் இரு துருவங்களும் அடுத்தடுத்த வாரங்களில் வாசகர் கைக்கு வந்தன. அதன் பிறகு படமில்லாத வேனிட்டி ஃபேரை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதழ் நின்றபோது வெளியாகியிருந்த கார்ட்டூன்கள் 2,000க்கும் அதிகம்.

அந்த முதல் படங்களை வரைந்தவர் கார்லோ பெல்லெக்ரினி. நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள காபுவாவில் 1839இல் பிறந்தவர், 1864இல் லண்டனுக்கு வந்தவர். ‘ஏப்’ என்ற புனைபெயரில் கையெழுத்திட்டார். இத்தாலியக் கேலிச்சித்திர மரபில் ஊறிய கை அவருடையது. தலையைச் சற்றுப் பெரிதாக்கி உடலைச் சுருக்குவார். ஒரு மனிதரை எதிரே உட்கார வைத்து வரைவதைவிட, அவர் நடமாடுவதைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு பிறகு வரைவதுதான் அவர் வழி. பிரெஞ்சு ஓவியர் டெகா அவரை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். அந்த ஓவியம் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1889 ஜனவரியில் பெல்லெக்ரினி காலமானார்.

இரண்டாமவர் லெஸ்லி வார்ட். தாய், தந்தை இருவருமே ஓவியர்கள். 1873இல் இதழுக்கு வரைய வந்தபோது அவருக்கு வயது 21. அவர் வரைந்த படத்தைப் பார்த்துப் பவுல்ஸிடம் காட்டச் சொன்னவர் புகழ்பெற்ற ஓவியர் மில்லே. புனைபெயர் தேடி ஜான்சனின் அகராதியைத் திறந்தபோது ‘ஸ்பை’ என்ற சொல் கண்ணில் பட்டதாக வார்ட் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். அந்த நூல் 1915இல் வெளிவந்தது. ஸ்பையாகக் கழிந்த 40 ஆண்டுகள் என்பதே அதன் தலைப்பு. 1918இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. இன்று ஆங்கிலேயர்கள் இந்த வகைப் படம் எதைக் கண்டாலும், வரைந்தவர் யாராக இருந்தாலும், ‘ஸ்பை கார்ட்டூன்’ என்றே சொல்கிறார்கள்.

மூன்றாவது கை ஒன்று உண்டு. படத்தோடு வந்த கட்டுரையை எழுதிய கை. ‘ஜெஹு ஜூனியர்’ என்ற பெயரில் அது அச்சாகும். நீண்ட காலம் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் பவுல்ஸேதான். கூர்மையான, கச்சிதமான வாழ்க்கைக் குறிப்பு அது. படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது. ஒரு சொல்லோ, ஒரு சிறு தொடரோ மட்டும் இருக்கும். யார் என்று கட்டுரையைப் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆக ஓவியரும் எழுத்தாளரும் சேர்ந்து உருவாக்கிய ஒரே படைப்பு இது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்லில் பிறந்த படம்

இந்தப் படங்கள் கல்லச்சில் உருவானவை. கல்லச்சு முறையை 1790களின் இறுதியில் பவேரியாவில் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர். அவர் ஒரு நடிகரின் மகன். தானும் நாடகம் எழுதியவர். தன் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடியபோதுதான் இந்த முறையைக் கண்டடைந்தார். நாடகக்காரர் ஒருவரின் பணமுடையில் பிறந்த அச்சுக்கலை, முக்கால் நூற்றாண்டு கழித்து நாடகக்காரர்களின் உருவங்களையே காப்பாற்றித் தந்தது.

முறை எளிமையான ஓர் இயற்கை உண்மையின் மேல் நிற்கிறது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புள்ள மையால் படம் வரைவார்கள். கல்லை ஈரமாக்கினால் வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும். தாளை வைத்து அழுத்தினால் படம் இறங்கிவிடும். வண்ணப் படமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். சட்டைக்கு ஒன்று, முகத்தின் சிவப்புக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. ஒரே தாள் ஒவ்வொரு கல்லின் மீதும் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து நம் வீட்டுப் பூஜையறைகளுக்கு வந்த லட்சுமியும் சரஸ்வதியும் இதே முறையில் அச்சானவர்கள்தாம்.

வேனிட்டி ஃபேரின் படங்களில் பெரும்பகுதியை அச்சிட்டது லண்டனின் ‘வின்சென்ட் புரூக்ஸ், டே அண்ட் சன்’ நிறுவனம். ஏப்போ ஸ்பையோ வரைந்து கொடுத்தது நீர்வண்ணச் சித்திரம். அதைக் கல்லுக்கு மாற்றியவர் அச்சகத்தின் கைவினைஞர். வண்ணங்களைப் பிரித்தது, நிழலைப் புள்ளி புள்ளியாக இட்டது எல்லாம் அவர் வேலை. அவர் பெயர் படத்தில் இல்லை. நிறுவனத்தின் பெயர் மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஒரு நல்ல பிரதியைக் கையில் எடுக்கும்போது அந்தப் பெயரில்லாத கைக்கும் நாம் மரியாதை செலுத்த வேண்டும். மூல நீர்வண்ணச் சித்திரங்கள் பல லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் உள்ளன. மூலத்தையும் அச்சையும் அருகருகே பார்த்தால் கல்லுக்கு மாற்றியவரின் திறமை புரியும்.

இங்கே ஒரு தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் வந்த ‘பஞ்ச்’ இதழின் கார்ட்டூன்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. மரக்கட்டையில் கோடு மேடாக நிற்கும், ஈய எழுத்தும் மேடாக நிற்கும். அதனால் இரண்டையும் ஒரே சட்டகத்தில் பூட்டி ஒரே பக்கமாக அச்சிட முடிந்தது. பஞ்ச் படம் கறுப்பு வெள்ளையில் பக்கத்தோடு பிணைந்தே வந்தது. கல்லச்சில் மேடு பள்ளம் கிடையாது, எல்லாம் சமதளம். அதை எழுத்தோடு சேர்த்து அச்சிட வழியில்லை. எனவே வேனிட்டி ஃபேர் படம் தனித்தாளில், பின்பக்கம் வெறுமையாக, வேறோர் அச்சகத்தில் அச்சாகி இதழோடு சேர்க்கப்பட்டது.

இந்த ஒரு காரணத்தால் இரண்டு விளைவுகள். தனித்தாளாக இருந்ததால் அதை எளிதாக எடுத்துச் சட்டம் போட முடிந்தது. மக்கள் அன்றே சேகரிக்கத் தொடங்கினார்கள், பதிப்பாளரும் ஆண்டுதோறும் படங்களையும் கட்டுரைகளையும் தொகுத்து ஆல்பமாக விற்றார். அதே தனித்தாள் என்பதாலேயே படம் கட்டுரையிலிருந்து பிரிந்துபோனது. எது இந்தப் படங்களைச் சேகரிப்புப் பொருளாக்கியதோ, அதுவே அவற்றை அநாதையாகவும் ஆக்கியது.

மணியோசை கேட்டவர்

இனி படங்களுக்கு வருவோம். முதலில் 1874 டிசம்பர் 19 தேதியிட்ட ஏப்பின் படம். தலைப்பு: ‘தி பெல்ஸ்’. படத்தில் இருப்பவர் ஹென்றி இர்விங்.

‘தி பெல்ஸ்’ லைசியம் அரங்கில் 1871 நவம்பர் 25 அன்று மேடையேறியது. ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தழுவி லியோபோல்ட் லூயிஸ் எழுதியது. அல்சேஸ் மாநிலத்துக் கிராமமொன்றில் சத்திரம் நடத்தும் மத்தியாஸ் ஊரே மதிக்கும் பெரியவர். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியிரவில், பனிச்சறுக்கு வண்டியில் வந்த யூத வணிகரைக் கொன்று அவருடைய பொன்னை எடுத்துக்கொண்டவர் அவர். அந்த வண்டிக் குதிரையின் மணியோசை அவர் காதில் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் குற்றம் சாட்டவில்லை. தன் மனமே நடத்திய கனவு விசாரணையில் தண்டனை பெற்று, இல்லாத தூக்குக்கயிற்றின் இறுக்கத்தில் இறந்துபோகிறார். நாடகம் மேடையேறிய அந்த ஓர் இரவில் இர்விங் இங்கிலாந்தின் முதன்மை நடிகரானார். நாடகம் 150 இரவுகள் ஓடியது.

இப்போது தேதியைப் பாருங்கள். படம் வந்தது 1874 டிசம்பரில். அப்போது லைசியத்தில் ‘தி பெல்ஸ்’ ஓடவில்லை. அங்கே இர்விங் ஹாம்லெட்டாக நடித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் 31 அன்று தொடங்கிய அந்த ஹாம்லெட் 200 இரவுகள் ஓடி, ஷேக்ஸ்பியர் நாடகம் இவ்வளவு காலம் ஓடுமா என்று நகரையே வியக்கவைத்தது. ஊரெல்லாம் ஹாம்லெட் பேச்சாக இருந்த வாரத்தில், வேனிட்டி ஃபேர் இர்விங்கின் உருவத்துக்குக் கீழே மூன்று ஆண்டு பழைய நாடகத்தின் பெயரைப் பொறிக்கிறது.

தேதி தெரியாமல் பார்த்தால் இது ஒரு நடிகர் தன் புகழ்பெற்ற வேடத்தோடு நிற்கும் படம், அவ்வளவுதான். தேதியோடு பார்த்தால் அது ஒரு விமரிசனத் தீர்ப்பு. இர்விங்கின் மேதைமை டென்மார்க் இளவரசனில் அல்ல, குற்றத்தை உள்ளுக்குள் சுமக்கும் சத்திரக்காரனில்தான் முழுமை பெறுகிறது என்று அந்த இதழ் சொல்கிறது என்றே நான் படிக்கிறேன். காலம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. 1895இல் நடிகர்களிலேயே முதன்முதலாக சர் பட்டம் பெற்ற பிறகும் இர்விங் மத்தியாஸை விடவில்லை. 1905 அக்டோபர் 12 அன்று பிராட்ஃபோர்டில் மத்தியாஸாக நடித்தார். மறுநாள் இரவு ‘பெக்கெட்’ நாடகத்தை முடித்துத் திரும்பியவர் உயிர்நீத்தார்.

இர்விங்கின் நடையும் உச்சரிப்பும் அந்தக் காலத்தில் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. மெலிந்த கால்கள், இழுத்து இழுத்து வைக்கும் அடி. வில்லியம் ஆர்ச்சரும் ராபர்ட் லோவும் 1877இல் அவரைத் தாக்கித் தனிப் பிரசுரமே வெளியிட்டார்கள். இர்விங்கின் குழுவிலேயே நடித்துப் பின்னாளில் அரங்க வடிவமைப்பில் புரட்சி செய்த கார்டன் கிரெய்க், 1930இல் எழுதிய நூலில் அதே நடையை நடனம் என்று கொண்டாடினார். ஒருவருக்கு ஊனமாகத் தெரிந்தது இன்னொருவருக்குக் கலையாகத் தெரிந்தது. இந்த வழக்கில் நமக்கு வேறு என்ன சான்று இருக்கிறது? அன்றைய புகைப்படக் கலையால் மேடையில் நடக்கும் நடிப்பை அப்படியே பிடிக்க முடியவில்லை. நடிகர்கள் ஸ்டுடியோவுக்குப் போய் அசையாமல் நின்று எடுத்துக்கொண்ட படங்கள்தாம் கிடைக்கின்றன. அவற்றில் முகம் இருக்கிறது, உடை இருக்கிறது, அசைவு இல்லை. ஒரு மனிதர் தன் உடலை எப்படிச் சுமந்தார் என்பதைக் கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர் கேலிச்சித்திரக்காரர். அவர் மிகைப்படுத்துவது உண்மைதான். ஆனால் இல்லாததை மிகைப்படுத்த முடியாது. அதனால்தான் இந்தத் தாள்களை நான் நடிப்புக்கலையின் ஆவணங்கள் என்று துணிந்து சொல்கிறேன்.

ஐந்து தாள்களில் ஒரு வரலாறு

அடுத்து ஐந்து படங்களை வரிசையாக வைக்கப்போகிறேன். தனித்தனியாக எங்கும் கிடைப்பவை. தேதிவாரியாக அடுக்கினால் ஆங்கில இசைநாடகத்தின் ஒரு முழுக் காலம் எழுந்து நிற்கும்.

முதல் தாள், 1874 மார்ச் 14. ஏப் வரைந்த ஆர்தர் சல்லிவன். தலைப்பு: ‘ஆங்கில இசை’. சல்லிவனுக்கு அப்போது வயது 31. முந்தைய ஆண்டுதான் ‘உலகின் ஒளி’ என்ற பெரும் சமய இசைப்படைப்பை அரங்கேற்றியிருந்தார். ஜெர்மனியைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து, தனக்கென ஒரு பெரிய இசையமைப்பாளர் வந்துவிட்டார் என்று அவரை நம்பியது. ஒரு நாட்டின் இசையையே ஒரு இளைஞரின் தோளில் ஏற்றிவைத்த தலைப்பு அது. அவர் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணமான கூட்டணி அப்போது உருவாகவே இல்லை. நாடக ஆசிரியர் கில்பர்ட்டோடு அவர் அதற்குமுன் ஒரே ஒரு நாடகம் செய்திருந்தார். ‘டிரையல் பை ஜூரி’ மேடையேறியது மறு ஆண்டு, 1875 மார்ச் 25.

இரண்டாம் தாள், 1881 மே 21. ஸ்பை வரைந்த டபிள்யூ. எஸ். கில்பர்ட். தலைப்பு: ‘பேஷன்ஸ்’. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த அதே பெயருள்ள நாடகம் ஏப்ரல் 23 அன்று தொடங்கியிருந்தது. சரியாக நான்கு வாரம் கழித்துப் படம் வருகிறது. அழகியல் மோகத்தில் மிதந்த லண்டன் கவிஞர்களைக் கிண்டல் செய்த நாடகம் அது. அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று புதிதாகக் கட்டிய சவாய் அரங்குக்கு அந்த நாடகம் இடம்பெயர்ந்தது. முழுக்க மின்விளக்கு பொருத்திய முதல் பொது அரங்கக் கட்டடம் என்ற பெருமை சவாய்க்கு உண்டு.

மூன்றாம் தாள், 1884 மே 24. ஏப் வரைந்தது. தலைப்பு: ‘ஆஸ்கர்’. பெயரைச் சொன்னாலே போதும் என்ற நிலைக்கு ஆஸ்கர் வைல்ட் அப்போதே வந்துவிட்டார். ஆனால் எதற்காக? இன்று இந்தத் தாளை வாங்குகிறவர் ஒரு மாபெரும் நாடக ஆசிரியரை வாங்குவதாக நினைக்கிறார். தேதி வேறு கதை சொல்கிறது. வைல்டின் வெற்றி நாடகங்களின் வரிசை தொடங்கியது 1892இல். 1884இல் அவர் எழுதி மேடையேறியிருந்த நாடகம் ‘வேரா’ ஒன்றுதான். அதுவும் முந்தைய ஆண்டு நியூயார்க்கில் ஏறத்தாழ ஒரு வாரமே தாக்குப்பிடித்தது. அவரை உலகறியச் செய்தது 1882இன் அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணம். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது ‘பேஷன்ஸ்’ நாடகத்தின் தயாரிப்பாளர். நாடகத்தில் கிண்டலுக்குள்ளாகும் அழகியல் கவிஞர் எப்படி இருப்பார் என்பதை அமெரிக்க ரசிகர்கள் நேரில் பார்த்தால் நாடகமும் ஓடும் என்பது அவர் கணக்கு. கில்பர்ட்டின் தாளும் வைல்டின் தாளும் அருகருகே மாட்டப்பட வேண்டியவை என்பது இப்போது விளங்கும். இன்னொன்று: படம் வெளியான ஐந்தாம் நாள், மே 29 அன்று, வைல்டின் திருமணம். வழக்கும் சிறையும் வருவதற்குப் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தத் தாளில் இருப்பது ஒரு மணமகன். பின்னால் நடந்ததை எல்லாம் அறிந்த நாம் அந்த முகத்தில் துயரத்தைத் தேடுகிறோம். அது அங்கே இல்லை. தேதி நம்மை நேர்மையாக இருக்கச் சொல்கிறது.

நான்காம் தாள், 1888 ஜனவரி 21. ஸ்பை வரைந்த ஜார்ஜ் கிரோஸ்மித். தலைப்பு: ‘ஜீ ஜீ’. ரசிகர்கள் அவரைச் செல்லமாக அழைத்த முதலெழுத்துகள். சவாய் நாடகங்களின் நகைச்சுவை நாயகன் அவர். ‘பேஷன்ஸ்’ நாடகத்தின் கவிஞர் பன்தார்ன், 1885இல் ‘மிகாடோ’வின் கோ-கோ எல்லாம் அவர் செய்தவை. படம் வந்த மறு ஆண்டே அந்தக் குழுவைவிட்டு விலகினார்.

ஐந்தாம் தாள், 1891 பிப்ரவரி 14. ஸ்பை வரைந்த ரிச்சர்ட் டாய்லி கார்ட். கில்பர்ட்டையும் சல்லிவனையும் சேர்த்துவைத்தவர், சவாயைக் கட்டியவர், வைல்டை அமெரிக்காவுக்கு அனுப்பியவர் எல்லாம் இவரே. தலைப்பு: ‘ராயல் ஆங்கில ஓபரா’. அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன், ஜனவரி 31 அன்று, அந்தப் பெயரில் பிரம்மாண்டமான புதிய அரங்கைத் திறந்திருந்தார். தொடக்க நாடகம் சல்லிவனின் ‘ஐவன்ஹோ’. கிண்டல் நாடகம் அல்ல, கனமான ஓபரா. எழுதியவர் கில்பர்ட்டும் அல்ல. முந்தைய ஆண்டு அரங்குச் செலவுக் கணக்கில் ஒரு கம்பளத்தின் விலையில் தொடங்கிய சண்டை நீதிமன்றம்வரை போய்க் கூட்டணி உடைந்திருந்தது.

இப்போது முதல் தாளின் தலைப்பையும் கடைசித் தாளின் தலைப்பையும் பக்கத்தில் வையுங்கள். 1874இல் ‘ஆங்கில இசை’. 1891இல் ‘ராயல் ஆங்கில ஓபரா’. பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு இளைஞர் மேல் சுமத்தப்பட்ட நம்பிக்கைக்குக் கார்ட் செங்கல்லும் பளிங்கும் கொண்டு ஒரு வீடு கட்டியிருக்கிறார். அந்த வீடு நிலைக்கவில்லை. ‘ஐவன்ஹோ’ 155 முறை நடந்தது, அடுத்தடுத்து மேடையேற்ற ஆங்கில ஓபராக்கள் தயாராக இல்லை. மறு ஆண்டே அது பல்சுவை நிகழ்ச்சி அரங்காகிவிட்டது. பேலஸ் தியேட்டர் என்ற பெயரில் இன்றும் லண்டனின் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் சந்திப்பில் நிற்கிறது. ஆனால் பிப்ரவரி 14ஆம் தேதி அந்தத் தாளைப் பார்த்தவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் பார்த்தது வெற்றியின் உச்சியில் நிற்கும் ஒரு மனிதரை. நடுவில் இருக்கும் மூன்று தாள்களைப் பார்க்கும்போது, சல்லிவனை உலகம் எதற்காக உண்மையில் நேசித்தது என்பதும் புரிந்துவிடுகிறது. எந்த வரலாற்று நூலும் ஐந்து பக்கங்களில் இவ்வளவு சொல்வது கடினம்.

வேனிட்டி ஃபேரின் படவரிசையில் பெண்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட். 1879 ஜூலை 5 தேதியிட்ட தாள், வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஷார்ட்ரான். முந்தைய மாதம்தான் அவர் நடித்துவந்த பாரீஸின் காமெடி ஃபிரான்சேஸ் குழு லண்டன் கெயிட்டி அரங்குக்கு வந்திருந்தது. விக்டோரியா காலத்து மேடையின் பாதி பாரத்தைப் பெண்களே சுமந்தார்கள். அவர்களை இந்த இதழ் அவ்வளவாகக் கண்டுகொள்ளாதது அந்தக் காலத்தின் குறை. சேகரிப்பவர் இந்த இடைவெளியையும் தெரிந்துகொண்டு, பிற இதழ்கள், இசைத்தாள் அட்டைகள், சுவரொட்டிகள் ஆகியவற்றிலிருந்து அதை நிரப்ப வேண்டும்.

கேலியும் விமரிசனமும்

ஒருவர் கேட்கலாம்: கேலிப்படத்துக்கு இவ்வளவு கனம் கொடுக்கலாமா? இதற்குப் பதில் மேக்ஸ் பீர்போமின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் நடிகர் பீர்போம் ட்ரீக்கு ஒரே தந்தையின் வழியில் வேறு தாய்க்குப் பிறந்த தம்பி. 1896இல் தன் முதல் கேலிச்சித்திரத் தொகுப்பை வெளியிட்டபோது, ஏழு ஆண்டுகளுக்கு முன் மறைந்த பெல்லெக்ரினியின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1898இல் ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் பெர்னார்ட் ஷா விட்ட இடத்தில் நாடக விமரிசகராக அமர்ந்தார். வரைந்த கையும் விமரிசித்த கையும் ஒன்றே. ஒரு மனிதரின் சாரம் எது, வெறும் உடை எது என்று பிரித்தறிவதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

இந்தக் கூர்மை எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இருக்கவில்லை. ஏப்பின் ஆரம்பகாலப் படங்களில் துணிச்சல் அதிகம். ஸ்பையின் பிற்காலப் படங்களில் பலர் அவர் முன் விரும்பிவந்து நின்றார்கள். படமும் மரியாதையான உருவப்படமாகச் சாந்தமடைந்தது. எனவே ‘வேனிட்டி ஃபேர்’ என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். 1870களின் ஏப் ஒன்று, பிற்காலத்து ஸ்பை பத்துக்குச் சமம் என்பது என் மதிப்பீடு. சந்தை அப்படி நினைப்பதில்லை. நீதிபதிகளை வழக்கறிஞர்கள் வாங்குகிறார்கள், கிரிக்கெட், கோல்ஃப், குதிரைப் பந்தயப் படங்களை விளையாட்டுப் பிரியர்கள் போட்டிபோட்டு வாங்குகிறார்கள். நாடகப் படங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. நாடகத்தை நேசிப்பவருக்கு இது நல்ல செய்தி.

வாங்குபவரின் கடமை

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள்.

மூலத்தாள் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமும் 26 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதழின் பெயர், தேதி, தலைப்பு, அச்சகத்தின் பெயர் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கின்றன. சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டிய படம் உறையும் தேதி முத்திரையும் இல்லாத கடிதம்போல. யாருக்கு, எப்போது எழுதியது என்று தெரியாது.

அடுத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். அசல் கல்லச்சில் கையால் இட்ட புள்ளிகளும் கோடுகளும் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் ஆஃப்செட் இயந்திரத்தில் எடுத்த மறுபதிப்பில் ஒரே சீரான சிறு புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். மறுபதிப்பை வாங்குவது தவறில்லை, அசல் விலைக்கு வாங்குவதுதான் தவறு.

வெளிச்சமும் அமிலமும் இந்தத் தாளின் எதிரிகள். நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பும் நீலமும் வெளுத்துப்போகும். மலிவான அட்டையை முதுகில் வைத்துச் சட்டம் போட்டால் அதன் அமிலம் இறங்கி, தாளில் பழுப்பு வளையம் விழும். அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். பசையால் ஒட்ட விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ஆண்டு ஆல்பங்கள் முழுதாக இன்னும் கிடைக்கின்றன. படங்களைத் தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம் என்று அவற்றைப் பிரித்துவிடுகிறார்கள். படங்கள் பிரிந்து போகின்றன, கட்டுரைகள் குப்பைக்குப் போகின்றன. முழு ஆல்பம் கிடைத்தால் தயவுசெய்து அதைப் பிரிக்காதீர்கள். தனித்தாள் வாங்கினால் அதன் கட்டுரையும் கிடைக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் கட்டுரைகளையும் பாதுகாப்பார்கள்.

முன்மாதிரியாக ஒருவரைச் சொல்கிறேன். கேப்ரியல் எந்தோவன் என்ற அம்மையார் வாழ்நாளெல்லாம் லண்டன் நாடகத் துண்டறிக்கைகளைச் சேகரித்தார். 80,000க்கும் மேற்பட்ட அந்தத் தாள்களை 1924இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, 1950இல் இறக்கும்வரை அவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானே செய்தார். அந்தச் சேகரிப்பு அரங்கின் பெயராலும் தேதியாலும் அடுக்கப்பட்டது. அதனால்தான் இன்று ஓர் ஆய்வாளர் போய், லைசியம், 1874 டிசம்பர் என்று கேட்டால் அந்த வாரம் அங்கே என்ன நடந்தது என்று பார்க்க முடிகிறது. அழகின் வரிசையில் அடுக்கியிருந்தால் அது ஒரு பணக்காரரின் பொழுதுபோக்காக முடிந்திருக்கும். தேதி வரிசையில் அடுக்கியதால் ஒரு நாட்டின் நாடக நினைவகமாக ஆனது.

நண்பர்களே, நாடகம் நடந்து முடிந்த இரவோடு மறைந்துவிடும் கலை. ஒரு பாடகரின் குரலையோ ஓவியரின் சுவரையோ காலம் விட்டுவைக்கலாம். நடிகரின் நடையை அது விட்டுவைப்பதில்லை. அந்த நடையைப் பிடித்துவைக்க ஓர் ஓவியரும், ஓர் எழுத்தாளரும், பெயர் தெரியாத ஒரு கல்லச்சுக் கைவினைஞரும் சேர்ந்து உழைத்தார்கள். எந்த வாரத்தில் பிடித்தோம் என்பதையும் ஓரத்தில் எழுதிவைத்தார்கள். அவர்கள் தங்கள் வேலையை முழுமையாகச் செய்துவிட்டார்கள். இனி அது நம் பொறுப்பு. உங்களிடம் ஒரு தாள் இருந்தால், அது எந்த நாட்டு நாடகத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், யார், எந்த வேடம், எந்த அரங்கு, எந்தத் தேதி என்று தனித்தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். உங்களுக்குப் பிறகு அதைக் கையில் எடுப்பவர் அந்த நடிகரை மேடையிலேயே வைத்துப் பார்க்க முடிய வேண்டும். சேகரிப்பதற்கு இதைவிடச் சிறந்த பயன் எனக்குத் தெரியவில்லை.